‘இன்னும் ஓடுதே’ன்னு விட்டா மொத்தமும் போயிடும்... பழைய ஹார்டு டிஸ்க்கை குளோன் செய்வது எப்படி? முழு விளக்கம்

மதுரை மாட்டுத்தாவணி எம்.ஜி.ஆர். பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். பூ மார்க்கெட் கமிஷன் கடை, காய்கறி மார்க்கெட், ஆம்னி பஸ் புக்கிங் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டூடியோ என எங்கு எட்டிப் பார்த்தாலும் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மேலே தூசி, கீழே சணல் சாக்கு, பக்கத்தில் ஊதுபத்தி. பல வருஷக் கணக்கு, பாக்கி விவரம், ஜிஎஸ்டி பில், கல்யாண வீடியோ எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

‘ஹார்டு டிஸ்க் பழசாச்சே, மாத்திடலாமா?’ என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘இன்னும் ஓடுதே, எதுக்கு மாத்தணும்?’

பிரச்னை தொடங்குவதே அங்குதான். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஹார்டு டிஸ்க்கைப் பிரதி எடுக்க முடியும். நின்றுபோன பிறகு செய்வதற்குப் பெயர் டேட்டா ரெக்கவரி. அதற்கு செலவும் அதிகம், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

பழைய டிஸ்க் எப்படி பழுதாகிறது? முன்கூட்டியே தெரியுமா? குளோன் என்றால் என்ன? வீட்டிலேயே செய்யலாமா, எப்போது தொடவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*உள்ளே என்ன நடக்கிறது?*

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐபிஎம் நிறுவனம் 1956-ல் கொண்டு வந்தது. பெயர் ராமாக். 50 பெரிய தட்டுகள், எடை ஒரு டன்னுக்கும் மேல். அதில் சேமிக்க முடிந்தது 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது சரியாகப் போய்விடும்.

அளவு சுருங்கியது, கொள்ளளவு பெருகியது. ஆனால் அடிப்படை இன்றும் அதேதான். ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. வீட்டு, அலுவலக கம்ப்யூட்டர்களில் இருப்பவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அந்தத் தட்டின் மேல் ‘ஹெட்’ எனப்படும் நுண்ணிய முனை, தட்டைத் தொடாமல் மிதந்தபடி படிக்கும், எழுதும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். மனிதத் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு குறைவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை லேசாக இடித்தாலும் ஆபத்து. ஹெட் தட்டில் உரசினால் அந்த இடத்தில் இருந்த தகவல் போச்சு. உரசலில் கிளம்பும் துகள் மற்ற இடங்களையும் கீறும். பஸ்சில் போகும்போது போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கை லேப்டாப்பில் சொருகி மடியில் வைத்துப் படம் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அணைத்து வைத்த டிஸ்க் தாங்கும் அதிர்ச்சியை, ஓடும் டிஸ்க் தாங்காது.

தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கும், ஹெட்டுக்கும், எலெக்ட்ரானிக் போர்டுக்கும் வயது உண்டு. அடிக்கடி கரண்ட் போவது, வோல்டேஜ் ஏறி இறங்குவது, யுபிஎஸ் இல்லாமல் ஓட்டுவது எல்லாம் போர்டைப் பதம் பார்க்கும்.

*கெட்டுப்போன இடத்தை டிஸ்க் எப்படிச் சமாளிக்கிறது?*

தட்டு முழுவதும் ‘செக்டார்’ என்ற சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டம் பலவீனமாகிவிட்டால், டிஸ்க்கே அதை ஒதுக்கிவிட்டு கைவசம் வைத்திருக்கும் மாற்றுக் கட்டம் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ளும். உங்களுக்கு எதுவும் தெரியாது.

அப்படியானால் நல்லதுதானே? முழுக்க நல்லது என்று சொல்ல முடியாது. இந்த மாற்று வேலை நடக்க ஆரம்பித்துவிட்டது என்றாலே தட்டிலோ ஹெட்டிலோ ஏதோ கோளாறு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாற்றுக் கட்டங்களும் அளவோடுதான் இருக்கும். வெளியே எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். உள்ளே இருப்பு கரைந்துகொண்டிருக்கும்.

*‘ஸ்மார்ட்’ ரிப்போர்ட்: டிஸ்க்கின் ரத்தப் பரிசோதனை*

இந்தக் கணக்கையெல்லாம் டிஸ்க்கே எழுதி வைக்கிறது. அதற்குப் பெயர் ‘ஸ்மார்ட்’. விண்டோஸில் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் இந்த ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம்.

வண்ணத்தை மட்டும் நம்பாமல் சில வரிகளைத் தனியாகப் பார்ப்பது நல்லது. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம், பழுதை முன்கூட்டியே காட்டுபவை என்று ஐந்து எண்களைக் கவனிக்கச் சொல்கிறது. அவை 5, 187, 188, 197, 198. சாதாரணமாக நாம் பார்க்க வேண்டியவை மூன்று:

● 5: ஏற்கெனவே ஒதுக்கப்பட்டு மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை

● 197: படிக்கத் தடுமாறி, என்ன செய்வது என்று முடிவாகாமல் நிற்கும் செக்டார்கள்

● 198: சோதனையில் படிக்கவே முடியாமல் போன செக்டார்கள்

இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. பூஜ்யம் இல்லை என்றால் அன்றைக்கே முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். எண் வாரா வாரம் ஏறுகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு சின்னக் குறிப்பு: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இந்த மதிப்புகளை வழக்கமான பத்தடிமான எண்ணில் காட்டாமல் பதினாறடிமான எண்ணில் காட்டும். அதில் 10 என்று இருந்தால் உண்மையில் அது 16. செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

*ரிப்போர்ட் நல்லா இருந்தா கவலை இல்லையா?*

இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். 2007-ல் கூகுள் பொறியாளர்கள், தங்கள் நிறுவனத்தில் ஓடிய 1 லட்சத்துக்கும் அதிகமான ஹார்டு டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் இரண்டு முடிவுகள் முக்கியமானவை.

முதலாவது: டிஸ்க்கின் மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் ‘ஸ்கேன் எரர்’ வந்துவிட்டால், அடுத்த 60 நாட்களுக்குள் அந்த டிஸ்க் பழுதாகும் வாய்ப்பு, அப்படி எரர் வராத டிஸ்க்கை விட 39 மடங்கு அதிகம்.

இரண்டாவது: பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதம், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூட காட்டாமலேயே போய்விட்டன.

சுருக்கமாகச் சொன்னால், ரிப்போர்ட் ‘மோசம்’ என்றால் கண்டிப்பாக நம்புங்கள். ‘நலம்’ என்றால் முழுசாக நம்பாதீர்கள். சொல்லிவிட்டுப் போகும் டிஸ்க்கும் உண்டு, சொல்லாமல் போகும் டிஸ்க்கும் உண்டு. ஆகவே எச்சரிக்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பாதிப் பேருக்கு உதவாது.

மதுரை வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கலாம். அதே ஆய்வில், எதிர்பார்த்த அளவுக்கு வெப்பத்துக்கும் பழுதுக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. மிக அதிக வெப்பத்திலும், வயதான டிஸ்க்குகளிலும்தான் பாதிப்பு தெரிந்தது. ஆனால் அவை டேட்டா சென்டரில் ஓடிய டிஸ்க்குகள். காற்றோட்டம் இல்லாத மேஜைக்கு அடியில், ஃபேன் முழுக்க தூசி அடைத்துக் கிடக்கும் பழைய சிபியு-வின் கதை வேறு.

*என்னென்ன அறிகுறிகள்?*

ரிப்போர்ட் பார்க்கத் தெரியாவிட்டாலும் சில விஷயங்கள் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்.

● கம்ப்யூட்டர் ஆன் ஆக வழக்கத்தை விட ரொம்ப நேரம் எடுப்பது

● ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் அப்படியே நின்றுவிடுவது

● காப்பி செய்யும்போது பாதியில் வேகம் பூஜ்யத்துக்கு இறங்கி, அப்புறம் மறுபடி கிளம்புவது

● முன்பு திறந்த போட்டோ இப்போது பாதி சாம்பல் நிறமாகத் தெரிவது

● ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரே சீரான சத்தம், அல்லது உரசுவது போன்ற சத்தம்

கடைசி அறிகுறி மற்றவை போல அல்ல. சத்தம் வருகிறது என்றால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். அப்போது செய்ய வேண்டிய ஒரே வேலை, கம்ப்யூட்டரை அணைப்பது.

*காப்பி, பேக்கப், குளோன்: மூன்றும் ஒன்றா?*

இல்லை. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

காப்பி என்பது வேண்டிய ஃபைல்களை மட்டும் எடுத்து வேறு இடத்தில் போடுவது. போட்டோ வரும், ஆனால் விண்டோஸ் வராது. கணக்கு மென்பொருள் வராது.

குளோன் என்பது டிஸ்க்கில் இருப்பதை எல்லாம், இருக்கும் வரிசைப்படியே இன்னொரு டிஸ்க்கில் இறக்குவது. விண்டோஸ், மென்பொருள், செட்டிங்ஸ், டிடிபி கடையில் பல வருஷமாகச் சேர்த்த பழைய தமிழ் ஃபான்ட் வரை அத்தனையும் வரும். பழசைக் கழற்றி புதுசை மாட்டினால் கம்ப்யூட்டர் எதுவும் நடக்காதது போல ஆன் ஆகும்.

இமேஜ் என்பது அந்த மொத்த டிஸ்க்கையும் ஒரே பெரிய ஃபைலாக மாற்றி வைப்பது. வேண்டும்போது அதிலிருந்து புது டிஸ்க்குக்கு இறக்கிக்கொள்ளலாம்.

பேக்கப் என்பது ஒரு பழக்கம். இன்றைய நிலையை இன்றும், அடுத்த வார நிலையை அடுத்த வாரமும் சேமித்துக்கொண்டே இருப்பது. ஒரு தடவை குளோன் எடுத்தது பேக்கப் ஆகாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பனையோலை பூச்சி அரித்து உதிரும் முன், அதைப் பார்த்து புது ஓலையில் பெயர்த்து எழுதி வைத்தார்கள். ஓலை உதிர்ந்த பிறகு பெயர்த்தெழுத எதுவும் இருக்காது. ஹார்டு டிஸ்க்குக்கும் அதே விதிதான்.

*உங்கள் டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது?*

வேலையைத் தொடங்கும் முன் இதை முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் ஒரு நிலைக்குச் சரியான வைத்தியம், இன்னொரு நிலைக்கு விஷம்.

நிலை 1: வயதாகிவிட்டது, ஆனால் நன்றாக ஓடுகிறது. ஐந்தாறு வருஷம் தாண்டியிருக்கும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் கிடைத்த லேப்டாப்பை இன்னும் வைத்திருப்பவர்களும் இந்தப் பட்டியலில்தான் வருவார்கள். இவர்கள் வீட்டிலேயே குளோன் செய்யலாம்.

நிலை 2: தடுமாறுகிறது. செக்டார் எண்கள் ஏறியிருக்கின்றன, காப்பி நடுவில் நிற்கிறது. சாதாரண குளோன் மென்பொருள் இங்கே பாதியில் நின்றுவிடும். இதற்குத் தனி முறை உண்டு.

நிலை 3: சத்தம் வருகிறது, அல்லது கம்ப்யூட்டர் டிஸ்க்கையே காட்டவில்லை, அல்லது தண்ணீரில் விழுந்தது. வீட்டில் எதையும் முயலக் கூடாது.

*நிலை 1: குளோன் செய்வது, படிப்படியாக...*

தேவையானவை: பழைய டிஸ்க்கின் அளவோ அதைவிடப் பெரிய அளவோ உள்ள புது டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. அதை யுஎஸ்பி வழியாக இணைக்க ‘சாட்டா டு யுஎஸ்பி’ கேபிள். குளோன் மென்பொருள். பல எஸ்எஸ்டி கம்பெனிகள் தங்கள் பொருளை வாங்குபவர்களுக்கு இதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. தைவானில் உருவாகி உலகம் முழுக்கப் பயன்படும் ‘குளோன்ஸில்லா’ என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் செய்து பயன்படுத்தலாம்.

1. முதலில் உயிர் ஃபைல்களை எடுங்கள். கணக்கு, சான்றிதழ், குடும்பப் போட்டோ, தீசிஸ் என எது போனால் தூக்கம் போகுமோ, அதை முதலில் ஒரு பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ காப்பி செய்யுங்கள். குளோன் எடுக்க பல மணி நேரம் ஆகலாம். நடுவில் டிஸ்க் நின்றுவிட்டாலும் இவை கையில் இருக்கும்.

2. பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ தேவைப்படும். அதை ஒரு தாளில் எழுதி வைத்த பிறகுதான் அடுத்த வேலை. குளோன் முடியும்வரை பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது நல்லது.

3. கரண்ட்டை உறுதி செய்யுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ். ‘ஸ்லீப்’ ஆகாதபடி செட்டிங்ஸை மாற்றிவிடுங்கள்.

4. எது பழசு, எது புதுசு என்று இரண்டு முறை பாருங்கள். குளோன் வேலையில் நடக்கும் மிகப் பெரிய விபத்து இதுதான். மென்பொருள் ‘எதிலிருந்து, எதற்கு’ என்று கேட்கும். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க், நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் குழப்பம் இன்னும் அதிகம். கம்பெனி பெயர், மாடல் எண், சீரியல் எண் மூன்றையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. தொடங்கிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். 500 ஜிபி டிஸ்க், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால் சுமார் ஒன்றரை மணி நேரம். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் சொருகினால் 4 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். யுஎஸ்பி 3 போர்ட் பெரும்பாலும் உள்ளே நீல நிறத்தில் இருக்கும். அதில் சொருகுங்கள்.

6. முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள். இரண்டும் ஒன்றின் அச்சாக இருப்பதால், ஒரே நேரத்தில் மாட்டி ஆன் செய்தால் விண்டோஸ் குழம்பும். புதுசை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள்.

7. திறந்து பாருங்கள். ஆன் ஆனால் மட்டும் போதாது. கணக்கு மென்பொருளைத் திறந்து கடந்த வருஷ பில் ஒன்றைப் பாருங்கள். பழைய வீடியோ ஒன்றை நடுவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

8. பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். தேதி எழுதி ஒட்டி, குறைந்தது ஒரு மாதம் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் பலர் பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து வேறு இயங்குதளம் போடுகிறார்கள். போடலாம். ஆனால் ஃபார்மட்டுக்கு முன் குளோன் அல்லது இமேஜ் எடுத்து வைத்தால், ‘ஐயோ, அந்த ஃபோல்டரை விட்டுட்டோமே’ என்று பிறகு தலையில் கை வைக்க வேண்டியதில்லை.

*நிலை 2: தடுமாறும் டிஸ்க்... எதைச் செய்யக் கூடாது?*

தடுமாறும் டிஸ்க்குக்கு மிச்சம் இருக்கும் ஓட்டம் குறைவு. ஒவ்வொரு முறை படிப்பதும் அந்த மிச்சத்திலிருந்து செலவு செய்வதுதான். ஆகவே வீண் செலவு கூடாது.

செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். ‘டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரி செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். ஃபைல் அமைப்பைச் சரி செய்வதற்காக அது டிஸ்க்கின் மேலேயே எழுதும், சில ஃபைல்களைத் துண்டிக்கும், முழு டிஸ்க்கையும் அலசும். நல்ல டிஸ்க்குக்கு அது மருந்து. சாகும் டிஸ்க்குக்கு அது கடைசி ஓட்டமாகிவிடும்.

டிஃப்ராக், வைரஸ் ஸ்கேன் எதுவும் வேண்டாம். இரண்டுமே டிஸ்க்கை மணிக்கணக்கில் உழ வைக்கும்.

‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் அதே பதில்தான்.

ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்பது பழைய காலத்துக் கைவைத்தியம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படிந்து தட்டே வீணாகலாம்.

இந்த நிலைக்கு நிபுணர்கள் பயன்படுத்துவது ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள். லினக்ஸில் ஓடும். ‘சிஸ்டம்ரெஸ்க்யூ’ போன்ற பென் டிரைவ் லினக்ஸில் ஏற்கெனவே சேர்த்தே வரும்.

இது வேலை செய்யும் விதம்தான் முக்கியம். சாதாரண காப்பி, கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்யாது. சிக்கலான இடம் வந்தால் தாண்டிப் போய், சுலபமாகக் கிடைப்பதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். அப்புறம் திரும்பி வந்து, விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். அதனால் நடுவில் நிறுத்திவிட்டு டிஸ்க் ஆறிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எடுத்ததையே மறுபடி எடுத்து டிஸ்க்கைக் களைப்பாக்காது.

பிரதி வந்த பிறகு, ஃபைல் தேடுவது, சரி செய்வது எல்லாவற்றையும் அந்தப் பிரதியின் மேல்தான் செய்ய வேண்டும். அசலைக் கழற்றித் தனியாக வைத்துவிட வேண்டும். லினக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை உட்கார வைத்துச் செய்வது நல்லது. இங்கேயும் ‘எதிலிருந்து, எதற்கு’ மாறினால் கதை முடிந்தது.

*நிலை 3: கடைக்குப் போகும் முன்...*

‘அண்ணே, டிஸ்க் போனா போகுது, உள்ள இருக்கிற டேட்டா மட்டும் வேணும்.’ சர்வீஸ் கடைகள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கொடுக்கும் முன் சில கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும்.

● டிஸ்க்கின் மூடியைத் திறப்பீர்களா? திறந்தால் எங்கே வைத்து? தூசி இல்லாத ‘க்ளீன் ரூம்’ வசதி இல்லாத இடத்தில் மூடியைத் திறக்கவே விடாதீர்கள். ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியை விட ஒரு தூசி பல மடங்கு பெரியது.

● முதலில் பிரதி எடுத்துவிட்டுத்தான் வேலை செய்வீர்களா?

● டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா?

● எடுத்த டேட்டாவின் பிரதியை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழிப்பீர்களா? டிஸ்க்கில் ஆதார், பான், வங்கி விவரம், குடும்பப் போட்டோ எல்லாம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

‘அதே மாடல் டிஸ்க் வாங்கி போர்டை மாத்திட்டா ஓடிரும்’ என்றும் சிலர் சொல்வார்கள். இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் இருக்கும் சிப்பில் பதிந்திருக்கும். போர்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் ஓடாது. போர்ட்டபிள் டிஸ்க்குகளில் சில யுஎஸ்பி போர்ட்டோடு சேர்ந்த போர்டுடனேயே வரும். கேஸை உடைத்து எடுத்தாலும் சாதாரண கேபிளில் மாட்ட முடியாது.

*குளோன் எடுத்தாச்சு... முடிஞ்சுதா?*

இல்லை. குளோன் என்பது எடுத்த நாளின் நிழல் மட்டுமே. அடுத்த நாள் போட்ட பில் அதில் இருக்காது. பழைய டிஸ்க்கில் வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்தே வந்திருக்கும். புது எஸ்எஸ்டி-யில் சுழலும் தட்டு இல்லை, அதனால் அதிர்ச்சி தாங்கும். ஆனால் அதுவும் ஒருநாள் போகும். போகும்போது பல நேரம் சத்தம் கூட இல்லாமல் ஒரேயடியாகப் போகும்.

அதனால் நிபுணர்கள் சொல்வது 3-2-1 விதி. முக்கியமான தகவலுக்கு மொத்தம் 3 பிரதிகள். அவை 2 வகையான சேமிப்பில். அதில் 1 வேறு இடத்தில். கடைக் கணக்கு என்றால் கம்ப்யூட்டரில் ஒன்று, வாரம் ஒருமுறை மட்டும் சொருகிக் கழற்றும் போர்ட்டபிள் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ வீட்டிலோ ஒன்று.

எப்போதும் சொருகியே வைக்கும் பேக்கப் டிஸ்க் பேக்கப் ஆகாது. ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரே மேஜையில் இருக்கும் இரண்டு பிரதிகளும் முழுப் பாதுகாப்பு கிடையாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது அசல், நகல் என்று பார்த்துப் புகவில்லை.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களுக்கு வேறு உதாரணமே வேண்டாம். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. அதற்கு நேர்மாறான வழியில் போனது, மதுரைச் சங்கங்களின் நினைவாகப் பெயர் வைத்து 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு சர்வர் போனாலும் உலகம் முழுக்க யார் யாரிடமோ பிரதி இருக்கும்.

வியாபாரிகளுக்கு இது சட்ட விஷயமும் கூட. ஜிஎஸ்டி சட்டப்படி, ஒரு நிதியாண்டுக்கான கணக்கையும் ஆவணங்களையும், அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதாவது 6 வருஷம். ‘டிஸ்க் போயிடுச்சு சார்’ என்று அதிகாரியிடம் சொல்லி முடித்துவிட முடியாது. இன்று கடையில் ஓடும் பழைய டிஸ்க்கின் வயதே சில நேரம் அதைவிட அதிகமாக இருக்கும்.

*பழைய டிஸ்க்கை என்ன செய்வது?*

காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். ஃபைலை டெலிட் செய்தாலும், சாதாரணமாக ஃபார்மட் செய்தாலும், உள்ளே இருப்பதைத் திரும்ப எடுக்க முடியும். ஓடும் நிலையில் இருந்தால், முழு டிஸ்க்கிலும் பூஜ்யங்களை எழுதி நிரப்பும் மென்பொருளைக் கொண்டு அழிக்க வேண்டும். ஓடாத டிஸ்க் என்றால் தட்டைச் சேதப்படுத்திய பிறகே கைவிட வேண்டும். அப்புறம் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறையில் இருக்கின்றன.

*இந்த வாரமே செய்ய வேண்டியது என்ன?*

● கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டர் போனால் தாங்க முடியாதோ, அதை இன்றே வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும்.

● ஸ்மார்ட் ரிப்போர்ட்டை எடுத்து 5, 197, 198 மூன்றையும் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட உதவும்.

● டிஸ்க் ஐந்து வருஷம் தாண்டியிருந்தால், ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் குளோன் செய்யத் திட்டமிடுங்கள். கடைக்கு லீவு விடும் நாள் அதற்குத் தோதான நாள்.

● எண்கள் ஏறியிருந்தால் லீவு நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.

● சத்தம் கேட்டால் அணையுங்கள். ‘இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்’ என்ற அந்த ஒரு தடவைதான் பலருக்குக் கடைசித் தடவையாக இருந்திருக்கிறது.

புது டிஸ்க்கைக் காசு கொடுத்து எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். அதில் ஏற்ற வேண்டிய பத்து வருஷக் கணக்கும் குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவும் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றுக்கு இன்னொரு இடம் பார்த்து வைத்துவிடுங்கள்.